அழிந்தது அன்று, அழித்தனர்

இலக்கணப் பாடத்தில் தன்வினையும் பிறவினையும் கற்கும் மாணவனுக்கு ஆசிரியர் முதலில் எழுதிக் காட்டுவது பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டுத்தான். 'திருந்தினான்' என்பது தன்வினை. 'திருத்தினான்' என்பது பிறவினை. ஒரு மெல்லின மெய் இருந்த இடத்தில் வல்லின மெய் வந்து அமர்கிறது, அவ்வளவே வேறுபாடு. ஆனால் அந்த ஓர் எழுத்து மாறியதும் கேள்வியும் மாறிவிடுகிறது. திருந்தினான் என்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை. திருத்தினான் என்றால், எவன் திருத்தினான், எவனைத் திருத்தினான் என்ற இரு கேள்விகள் எழுந்து நிற்கின்றன.

வகுப்பறையில் இதனை ஒப்புக்கொள்பவர்கள் வரலாறு எழுத அமர்ந்தவுடன் மறந்துவிடுகிறார்கள். 'ஆலயம் அழிந்தது', 'மடம் மறைந்தது', 'பள்ளி தொலைந்தது' என்று எழுதிச் செல்கிறார்கள். கல்லும் சுண்ணாம்பும் தாமாகவே கூடிப் பேசி, ஒரு நாள் இவ்வுலகை விட்டு நீங்கிவிட்டன போலும்! இத்தகைய தொடர்கள் எந்த அளவுக்கு உண்மையை மறைக்கின்றன என்பதை அறிய, ஆங்கில நாட்டு ஊர் ஒன்றின் சிற்றாலயத்தின் கதையைச் சற்று நிதானமாகப் பார்த்தல் வேண்டும்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், சஃபோக் வட்டாரத்தின் தலைமை நகராக விளங்குவது இப்ஸ்விச். ஆர்வெல் ஆற்றின் கரையில் அமைந்த பழந்துறைமுகம் அது. கம்பளித் துணி வாணிகத்தால் செழித்த ஊர். இடைக்காலத்தில் அந்நகரின் மேற்கு வாயிலுக்குச் சற்று வெளியே மரியன்னைக்கு உரிய சிற்றாலயம் ஒன்று இருந்தது. பெரிய கட்டடம் அன்று; பேராலயங்களோடு ஒப்பிட்டால் ஓர் அறை எனலாம். ஆயினும் அதனுள் இருந்த அன்னையின் சொரூபம் நாடறிந்தது. நார்ஃபோக் வட்டாரத்து வால்சிங்ஹாமின் பெயரைச் சொல்பவர்கள் அடுத்து இப்ஸ்விச்சின் பெயரையும் சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அதன் புகழ் பரவியிருந்தது. 1502ஆம் ஆண்டில் ஏழாம் ஹென்றியின் மனைவியாகிய எலிசபெத் அரசி, தம் சார்பில் பல திருத்தலங்களுக்கு ஆள் அனுப்பிக் காணிக்கை செலுத்தினார். அவருடைய செலவுக் கணக்கில் இப்ஸ்விச் அன்னையின் பெயரும் இருக்கிறது.

அரசியர் மட்டுமே வந்தனர் என்று கருத வேண்டா. 1516ஆம் ஆண்டில், எசெக்ஸ் வட்டாரத்தைச் சேர்ந்த சர் ரோஜர் வென்ட்வொர்த் என்பவரின் பன்னிரண்டு வயது மகள் கடும் வலிப்பினால் துன்புற்று இவ்வாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டாள். சொரூபத்தின் முன் பெருந்திரளான மக்கள் பார்த்திருக்க அவள் நலம்பெற்றாள் என்ற செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அறிஞர் தாமஸ் மோர், 1529இல் வெளியிட்ட தம் உரையாடல் நூலில் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டினார். அது புதுமையா, இளம் பருவத்து நோய் தானே தணிந்ததா என்பதை மருத்துவர்கள் பேசட்டும். மக்கள் அங்கே திரண்டனர் என்பதும், அவர்களுக்கு அவ்விடம் தேவைப்பட்டது என்பதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

இனி, ஆசிரியர்கள் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய பகுதி வருகிறது.

இதே ஊரில், இறைச்சி வணிகர் என்று சொல்லப்படும் ராபர்ட் வுல்சிக்கு மகனாகப் பிறந்தவர் தாமஸ் வுல்சி. எட்டாம் ஹென்றியின் தலைமை அமைச்சராகவும் திருச்சபையின் கர்தினாலாகவும் உயர்ந்த அவர், பிறந்த மண்ணில் ஒரு கல்விக்கூடம் நிறுவ எண்ணினார். 1528ஆம் ஆண்டில் மரியன்னையின் பெயராலேயே கல்லூரியும் பள்ளியும் எழுந்தன. பள்ளிக்கு எட்டு வகுப்புகள். ஒவ்வொரு வகுப்பிலும் எந்த இலத்தீன் நூலைக் கற்பிக்க வேண்டும், எந்த வரிசையில் கற்பிக்க வேண்டும் என்றெல்லாம் கர்தினாலே திட்டமிட்டார். இப்ஸ்விச் பள்ளியின் ஆசிரியர்களுக்கு என்றே ஒரு முன்னுரை எழுதினார்; அம்முன்னுரையோடு இலக்கண நூல் ஒன்றும் 1529இல் அச்சேறியது. இளம் பிள்ளைகளைக் கடும் அடியாலும் மிரட்டலாலும் வதைக்கலாகாது என்று அதில் அறிவுறுத்துகிறார். பிரம்பே ஆசிரியரின் அடையாளமாக இருந்த ஒரு நூற்றாண்டில், நாட்டையே ஆட்டிப்படைத்த அமைச்சர் ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பது எளிய செய்தி அன்று.

அந்தக் கல்லூரிக்கும் மேற்கு வாயில் சிற்றாலயத்துக்கும் இருந்த தொடர்பு மிக நெருக்கமானது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8ஆம் நாள், மரியன்னையின் பிறப்பு விழாவன்று, கல்லூரியினர் நகரின் வழியே பவனியாகச் சென்று அச்சிற்றாலயத்தில் வழிபட வேண்டும் என்பது நிறுவனர் இட்ட விதி. முதல் விழா 1528இல் வந்தது. கல்லூரித் தலைவர் வில்லியம் கேப்பன் அதனைப் பற்றி வுல்சிக்கு எழுதிய நீண்ட கடிதம் கிடைத்திருக்கிறது. விழாவுக்கு முந்திய மாலையில் கல்லூரியினர் சிற்றாலயத்துக்குச் சென்று மாலை வழிபாட்டைப் பாடினர். நகரின் பெரியவர்கள் உடன் சென்றனர். மறுநாளோ விடாத பெருமழை. பவனி நகருக்குள் செல்ல இயலவில்லை. கல்லூரி ஆலயத்துக்குள்ளேயே சுற்றிவந்து விழாவை நிறைவு செய்தனர். மழையைக் குறை சொல்லிக்கொண்டே, எல்லாம் சிறப்பாக நடந்தது என்று மேலிடத்துக்கு எழுதும் அந்தக் கடிதத்தைப் படிக்கும் தலைமையாசிரியர் எவருக்கும் புன்முறுவல் தோன்றாமற் போகாது.

அக்கடிதத்தில் ஒரு பெயர் வருகிறது. கல்லூரிக்கு வேண்டிய ஆடைகள், பாத்திரங்கள், திரைகள் ஆகியவற்றைப் பழுதின்றிக் கொண்டுவந்து சேர்த்து, கூடத்தில் இருக்கைகளும் தொங்கல்களும் அமைப்பதில் மிகுந்த சிரமம் எடுத்துக்கொண்டவர் என்று கேப்பன் ஒருவரைப் பாராட்டுகிறார். அவர் வுல்சியின் பணியாளராகிய தாமஸ் குரோம்வெல். பத்தே ஆண்டுகளில் இப்பெயர் இக்கதையில் மறுபடியும் வரப்போகிறது.

அதற்கு முன் வுல்சியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பள்ளி நிறுவியவர் என்பதற்காக அவரைப் புனிதராக்கி விடுவது ஆசிரியர்களுக்கு இனிக்கலாம். வரலாற்றுக்கு அது பொருந்தாது. இப்ஸ்விச் கல்லூரிக்கு நிலமும் பொருளும் எங்கிருந்து வந்தன? அவ்வூரிலேயே இருந்த புனித பேதுரு–பவுல் மடத்தை 1528இல் மூடி, அதன் இடத்தில்தான் கல்லூரி எழுந்தது. ஃபீலிக்ஸ்டோ, ரம்பர்க் முதலிய சிறு மடங்களும் அவ்வாறே மூடப்பட்டு அவற்றின் வருவாய் கல்லூரிக்கு மாற்றப்பட்டது. போப்பாண்டவரின் இசைவோடுதான் இது நடந்தது, நோக்கமும் கல்விதான். ஆனால் மடங்களை மூடுவது எப்படி, சொத்தைக் கணக்கெடுப்பது எப்படி, எதிர்ப்பை அடக்குவது எப்படி என்ற பாடங்களைக் குரோம்வெல் கற்றது இந்தப் பள்ளிக்காக உழைத்தபோதுதான். நல்ல நோக்கத்துக்காக வெட்டிய வாய்க்காலில் பிறகு எந்த நீர் பாய்ந்தது என்பதைக் காணும்போது, கர்தினாலுக்கும் இவ்வழிவில் எழுவாயாக நிற்கும் தகுதி உண்டு என்றே சொல்ல வேண்டும்.

1529இல் வுல்சி வீழ்ந்தார். 1530 நவம்பரில் லெஸ்டர் நகரில் இறந்தார். கல்லூரி கலைக்கப்பட்டது, கட்டுவதற்கெனக் குவித்திருந்த கற்களை அரசர் தம் வெஸ்ட்மின்ஸ்டர் கட்டடப் பணிகளுக்காகக் கொண்டுசெல்லச் செய்தார். எட்டு வகுப்புகளுக்கும் திட்டம் வகுத்த பள்ளி இரண்டாண்டு நிறைவதற்குள் முடிந்தது. எஞ்சியது செங்கல்லால் ஆன ஒரு வாயில் மட்டுமே. புனித பேதுரு ஆலயத்தின் அருகில், உட்புறத்தில் ஒன்றும் இல்லாத வாயிலாக அது இன்றும் நிற்கிறது. ஊரின் பழைய இலக்கணப் பள்ளி எப்படியோ பிழைத்துக்கொண்டு, 1566இல் எலிசபெத் அரசியின் பட்டயத்தையும் பெற்றது என்பது ஓர் ஆறுதல். ஆனால் கல்லூரியைப் பற்றி எழுதுவோர் 'வுல்சியின் வீழ்ச்சியோடு கல்லூரியும் மறைந்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மறைந்த கல்லூரியின் கற்கள் வெஸ்ட்மின்ஸ்டருக்குத் தாமே நடந்தா போயின?

சிற்றாலயத்தின் முறை 1538இல் வந்தது. அப்போது குரோம்வெல் அரசரின் முத்திரைக் காப்பாளர். மன்னருக்கு அடுத்த அதிகாரம் அவர் கையில் இருந்தது. அவ்வாண்டு மே 22ஆம் நாள் லண்டனின் ஸ்மித்ஃபீல்டு திடலில் ஜான் ஃபாரஸ்ட் என்ற துறவியை உயிரோடு எரித்தனர். வேல்சு நாட்டுச் சொரூபம் ஒன்றையே அவருக்குக் கீழே விறகாக்கினர். அன்று அவ்விடத்தில் மறையுரை நிகழ்த்தியவர் ஊஸ்டர் ஆயர் ஹியூ லாட்டிமர். அடுத்த மாதமே அவர் குரோம்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் மறைமாவட்டத்திலிருந்த அன்னையின் சொரூபத்தையும், அதன் மூத்த சகோதரியாகிய வால்சிங்ஹாமையும், இளைய சகோதரியாகிய இப்ஸ்விச்சையும், டான்காஸ்டர், பென்ரைஸ் ஊர்களில் இருந்த மற்ற இருவரையும் ஸ்மித்ஃபீல்டில் ஒன்று திரட்டினால் வேடிக்கையாக இருக்கும். அவை எரிய நாள் முழுவதும் ஆகாது என்னும் பொருள்பட நகைச்சுவையோடு எழுதுகிறார். துறவி ஒருவர் எரிந்த சாம்பல் ஆறிய சில வாரங்களில் எழுந்த நகைச்சுவை இது.

கோடை முடிவதற்குள் காரியம் நடந்தது. இப்ஸ்விச் அன்னையின் சொரூபத்தை ஊரிலிருந்து எடுத்து லண்டனுக்கு அனுப்பினர். அதனைப் பெற்றுக்கொண்ட தாமஸ் தாக்கர் என்னும் குரோம்வெல்லின் பணியாளர், தம் தலைவருக்குக் கடிதம் வழியே தெரிவித்தது இதுதான்: தங்கள் மேலான விருப்பம் தெரியும் வரையில் சொரூபத்தைப் படுக்கைத் துணிகள் வைக்கும் அறையில் வைத்திருக்கிறேன், அதன்மேல் இருப்பவை வெள்ளியால் ஆன இரண்டு அரைக் காலணிகளும் வெள்ளியில் பதித்த நான்கு பளிங்குக் கற்களுமே, வேறொன்றும் இல்லை. நாட்டின் அரசி காணிக்கை அனுப்பிய திருவுருவம், நோயுற்ற சிறுமியைப் படுக்க வைத்த திருமுன், ஓர் அலுவலரின் கணக்கில் இரண்டு காலணியும் நான்கு கல்லுமாகச் சுருங்கிற்று. அக்காலத்தில் வாழ்ந்த சார்லஸ் ரியத்ஸ்லி, வால்சிங்ஹாம், இப்ஸ்விச் சொரூபங்களையும் வேறு பலவற்றையும் லண்டனுக்குக் கொண்டுவந்து, முத்திரைக் காப்பாளர் செல்சியில் எரிக்கச் செய்தார் என்று தம் நாட்குறிப்பில் பதிந்துள்ளார்.

எடுத்தவர் உண்டு, அனுப்பியவர் உண்டு, பெற்று எழுதியவர் உண்டு, எரிக்கச் செய்தவர் உண்டு. ஆண்டும் உண்டு, ஊரும் உண்டு. இத்தனை எழுவாய்களும் கைகட்டி வரிசையில் நிற்கும்போது 'மறைந்தது' என்று எழுதும் பேனாவை என்னென்பது?

இதற்கு மறுமொழியாகச் சிலர் சீர்திருத்தத்தைக் காட்டுவர். சொரூபங்களின் பெயரால் மோசடிகள் நடந்தன. அவற்றை ஒழிக்க வேண்டியிருந்தது என்பர். மோசடி இல்லாமல் இல்லை. கென்ட் வட்டாரத்துப் பாக்ஸ்லி மடத்தில் இருந்த சிலுவை உருவம் கம்பிகளாலும் பொறிகளாலும் கண்ணையும் வாயையும் அசைப்பது; அதனை 1538 பிப்ரவரியில் லண்டன் புனித பவுல் ஆலய முற்றத்தில் மக்கள்முன் பிரித்துக் காட்டி உடைத்தனர். அது விழாக்களுக்கு ஆன பொம்மையே, ஏமாற்றுக் கருவி அன்று என்று வாதிடுவோரும் உளர். ஏமாற்று என்றே வைத்துக்கொள்வோம். பாக்ஸ்லியின் குற்றத்துக்கு இப்ஸ்விச்சுக்கு ஏன் தண்டனை? தாக்கரின் கடிதத்தில் பொறியும் இல்லை, கம்பியும் இல்லை. அவர் தேடிப் பார்த்துக் கணக்கிட்டது வெள்ளியை. ஒரு பள்ளியில் ஒரு மாணவன் பார்த்து எழுதினான் என்பதற்காக நாட்டிலுள்ள விடைத்தாள்கள் அனைத்தையும் கொளுத்துபவனைத் தேர்வுச் சீர்திருத்தக்காரன் என்று எவரும் போற்றுவதில்லை.

வேறு சிலர் 'காலத்தின் போக்கு' என்பர். காலத்துக்குக் கைகள் இல்லை. இதனினும் வியப்பு, இதே நூல்கள் மற்றோர் இடத்தில் எழுவாயை மறப்பதே இல்லை. லாட்டிமரை 1555 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் எரித்தார்களே, அங்கே என்ன எழுதுகிறார்கள்? மேரி அரசி எரித்தாள் என்று எழுதுகிறார்கள். சரியாகத்தான் எழுதுகிறார்கள். அந்தக் கொடுமையைக் 'காலத்தின் போக்கில் லாட்டிமர் மறைந்தார்' என்று எழுதினால் எவர் பொறுப்பார்? மனிதர் ஒருவரின் உயிரும் மர உருவம் ஒன்றும் ஒரே நிறையுடையன அல்ல. ஆனால் நிறை வேறு, வினை வேறு. வெற்றி பெற்ற கட்சி செய்ததைத் தன்வினையிலும், தோற்ற கட்சி செய்ததைப் பிறவினையிலும் எழுதுவது இலக்கணப் பிழையுமாகும், நேர்மைப் பிழையுமாகும்.

'அழிக்கப்பட்டது' என்று செயப்பாட்டுவினையில் எழுதிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பவரும் உளர். அத்தொடரில் 'யாரால்' என்ற சொல் இருந்தால்தான் அது நிறைவுபெறும். அச்சொல்லை விட்டுவிடும் வசதிக்காகவே பலர் செயப்பாட்டுவினையை நாடுகிறார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

உண்மையை இன்னொரு பக்கத்திலிருந்தும் மங்கச் செய்கிறார்கள். அதைச் செய்பவர்கள் பகைவர் அல்லர், அன்பர்கள். இத்தாலியில், ரோம் நகருக்குத் தெற்கே கடற்கரையில் நெட்டூனோ என்ற ஊரில் மரியன்னையின் பழைய மரச் சொரூபம் ஒன்று இருக்கிறது. அது 1550இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது என்பது அவ்வூர் மரபு. 'ஆங்கிலப் பெருமாட்டி' என்றே அதற்கு ஒரு பெயரும் உண்டு. இப்ஸ்விச் சொரூபமே அது. குரோம்வெல்லின் ஆட்களுக்குத் தெரியாமல் எவரோ காப்பாற்றிக் கப்பலேற்றினர் என்று நம்புவோர் பலர். காலணியைப் பற்றிய குறிப்பும் பழைய எழுத்துப் பொறிப்பும் தங்களுக்குச் சான்று என்பர். இருக்கலாம் என்ற அளவில் இதனை ஏற்பதில் தடையில்லை. இங்கிலாந்திலிருந்து தப்பிய சொரூபங்கள் இருந்திருக்கக் கூடியனவே. ஆனால் இதனை முடிந்த முடிபாக மாணவர்க்குச் சொல்வது தவறு. செல்சித் தீயைப் பற்றி அக்காலத்தவரின் குறிப்பு ஒரு பக்கம் இருக்கிறது; பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்ததாகச் சொல்லப்படும் ஒரு கப்பலின் மரபு மறுபக்கம் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. மேலும், 'தப்பியது' என்ற இனிய தன்வினை வந்து அமர்ந்தவுடன் 'எரித்தனர்' என்ற வினை கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. நெட்டூனோவில் நிற்பது இப்ஸ்விச் அன்னையே ஆயினும், மேற்கு வாயிலுக்கு வெளியே இருந்த வழிபாட்டிடத்தை ஊராரிடமிருந்து பறித்த செயலுக்கு அதனால் ஒரு துளியும் குறைவில்லை.

உடைத்தவர்கள் தாங்களே இலக்கணத்தில் தவறவில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1644 ஜனவரி இறுதியில், வில்லியம் டவ்சிங் என்பவர் நாடாளுமன்றத்தின் ஆணைப்படி இப்ஸ்விச்சுக்கு வந்து, ஆலயம் ஆலயமாகப் புகுந்து, எஞ்சிய ஓவியங்களையும் கல்வெட்டுகளையும் சிதைத்தார். அவர் நாட்குறிப்பு எழுதும் வழக்கமுடையவர். எந்த ஆலயத்தில் எத்தனை உருவங்கள் என்று எண்ணிக்கையோடு குறித்துவைத்தார். அவர் கையாண்ட வினைமுற்று 'உடைத்தோம்' என்பது. 'உடைந்தது' என்று அவர் எழுதவில்லை. செய்ததைப் பெருமையாகக் கருதியதால் மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. தன்வினையைத் தேடிப் பிடித்தவர்கள் பின்னால் வந்து புத்தகம் எழுதியவர்களே.

குரோம்வெல்லின் முடிவை எவரும் மறைத்து எழுதுவதில்லை. 1540 ஜூலை 28ஆம் நாள், வழக்கு மன்றத்தில் விசாரணையே இல்லாமல், நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அவரைக் குற்றவாளியாக்கி, அரசர் அவர் தலையை வெட்டுவித்தார்.

இப்ஸ்விச்சில் அச்சிற்றாலயத்தின் கல் ஒன்றும் இன்று கண்ணில் படுவதில்லை. அது நின்ற இடத்துக் குறுந்தெருவுக்கு அன்னையின் பெயரே வழங்குகிறது. கடைத்தெருவுக்குச் செல்வோர் கடந்துபோகும் அத்தெருவில், சுவரோரமாக வெண்கலத்தால் ஆன சிறிய உருவம் ஒன்று அவ்விடத்தைக் குறிக்கிறது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் எல்ம்ஸ் மரியன்னை ஆலயம் இருக்கிறது. நெட்டூனோ சொரூபத்தைப் பார்த்து ஓக் மரத்தில் புதிதாகச் செதுக்கிய உருவத்தை 2002ஆம் ஆண்டில் அங்கே நிறுவினர்.